அனுதினமும் சிலுவை: புதிதாகப் பின்பற்றத் தொடங்குகிறவர்களுக்கு

சபையின் முழு அங்கத்தினராகத் தயார்செய்யும் திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேதம் வாசிக்கும் பொறுப்பைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். பரமண்டல ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் தடங்கலில்லாமல் போகும். லூக்கா 9:23-க்கு வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி வந்து கேட்பார்கள்: "அண்ணே, தன்னை வெறுக்கணும்னா நாளைக்குக் காலையில நான் என்ன செய்யணும்?"

அந்தக் கேள்விக்குப் பிரசங்கம் பதிலாகாது. செய்முறைதான் பதில். ஞானஸ்நானம் எடுத்துச் சில மாதங்களே ஆனவர்கள், கூட்டத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து "இனி?" என்று நிற்கிறவர்கள், சிறுவயதிலிருந்து கோயிலுக்குப் போயும் இப்போதுதான் விழித்துக்கொண்டவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் சிஎஸ்ஐ என்ற தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன். கத்தோலிக்க நண்பர்களிடம் கற்றுக்கொண்டதும் இதில் கலந்திருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லைச் சரியாகப் பிடியுங்கள்

"வெறுத்து" என்ற சொல் நம் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. ஒரு பெண் பிள்ளை தன் நிறத்தையும் முகத்தையும் வெறுப்பதுதான் பக்தி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தம்பி தனக்கு நன்றாக வரைய வரும் என்பதை ஒரு பாவம்போல மறைத்து வைத்திருந்தான். இரண்டுமே இந்த வசனத்தில் இல்லை.

மாற்கு 8:34-இல் இதே வாக்கியம் வருகிறது. அங்கே "வெறுத்து" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்லும் இடத்தில் இருக்கும் கிரேக்க வினைச்சொல், மாற்கு 14:30-இல் மறுபடி வருகிறது: "நீ மூன்றுதரம் என்னை மறுதலிப்பாய்." பேதுரு இயேசுவுக்குச் செய்தானே, அதே சொல். முற்றத்தில் நெருப்பண்டையில் நின்றுகொண்டு "நீங்கள் சொல்லுகிற அந்த மனுஷனை அறியேன்" என்றான் அல்லவா, அதுதான் மறுதலிப்பது. அந்த மனுஷனோடு எனக்குச் சம்பந்தமில்லை, அவன் சொல்லுக்கு நான் கட்டுப்பட்டவன் இல்லை என்பது. இயேசு கேட்பது, அந்த "அறியேன்" என்பதை உங்களுக்குள் எஜமானாக உட்கார்ந்திருக்கிற "நான்" என்பவனிடம் சொல்லும்படிதான். பேதுரு தன்னை மறுதலிக்க வேண்டிய இரவில் ஆண்டவரை மறுதலித்தான். கதை முழுவதும் அந்த ஒரு திருப்பத்தில் இருக்கிறது.

லூக்கா 14:26-இல் தகப்பனையும் தாயையும் தன் ஜீவனையும் "வெறுக்காவிட்டால்" என்று வருவது கிரேக்கத்தில் வேறு சொல். தமிழில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் குழப்பம் வருகிறது. அந்த இடத்துக்கு மத்தேயு 10:37 நல்ல விளக்கம்: "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்." யாருக்கு முதலிடம் என்பதுதான் கேள்வி. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு, லூக்கா 9:23-ஐத் "தன்னலம் துறந்து" என்று சொல்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும். பழையது உறைக்கும், புதியது தெளியவைக்கும்.

உடம்பையும் மனதையும் வெறுக்கச் சொல்கிறவர்களுக்கு எபேசியர் 5:29 போதும்: "தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனுமில்லையே."

யார் பின்னால் போகிறீர்கள் என்று பாருங்கள்

செய்ய வேண்டிய முதல் காரியம் விடுவது இல்லை, வாசிப்பது. மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள் இருக்கின்றன. நாளுக்கு ஒன்று என்றால் 16 நாட்கள். முடிந்தால் ஒரு ஞாயிறு மதியம் ஒரே மூச்சில் வாசியுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். ஆளைத் தெரியாமல் அவருக்காக எதையாவது விட்டுக்கொண்டே போனால், சில மாதத்தில் மனது கசந்துபோகும். நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் அதிகாரத்தில் மெதுவாகப் போங்கள். பிலிப்புச் செசரியாவைச் சேர்ந்த கிராமங்கள் பக்கம் நடந்துபோகும்போது, "நீர் கிறிஸ்து" என்று பேதுரு சொல்கிறான். உடனே இயேசு, தாம் பாடுபட்டுக் கொல்லப்படப் போவதைச் சொல்கிறார். பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறான். அதற்கு வரும் பதில் "எனக்குப் பின்னாகப்போ". அடுத்த வசனத்தில் எல்லாரையும் அழைத்து "என் பின்னே வர விரும்பினால்" என்கிறார். கிரேக்கத்தில் அந்த "எனக்குப் பின்னாக", "என் பின்னே" இரண்டும் ஒரே சொற்கள். பேதுரு முன்னால் வந்து வழிகாட்டப் பார்த்தான். "உன் இடம் பின்னால்" என்றார். சீஷனுக்கு வேறு வரையறை எனக்குத் தெரியாது.

சிலுவையைப் பற்றியும் ஒன்று. அதைக் கேட்ட கலிலேயர்களுக்குச் சிலுவை கழுத்துச் சங்கிலியில் தொங்கும் அடையாளம் இல்லை. ரோம அரசு கலகக்காரர்களையும் அடிமைகளையும் கொல்லும் முறை அது. தண்டனை பெற்றவனே குறுக்குமரத்தைச் சுமந்து தெருவழியே போவான். அவன் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டான் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். லூக்கா மட்டும் "அனுதினமும்" என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார். ஒரு தடவை சாவதை நாள்தோறும் எப்படிச் செய்வது? அதற்குத்தான் கீழே வருகிறவை.

செலவைக் கணக்குப் பாருங்கள்

லூக்கா 14-இல், கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முந்தி உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்கிறார். உட்கார்ந்து பார்க்கச் சொன்னவர் அவரே. ஆகையால் உணர்ச்சிவேகத்தில் ஓடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் இந்த நான்கையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் உண்மையை எழுதுங்கள்: என் பணம் எங்கே போகிறது, என் நேரம் எங்கே போகிறது, எந்த மரியாதை கிடைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, யாரை நான் மன்னிக்கவில்லை.

முதல் இரண்டும் எளிது. பேங்க் செயலியும் கைபேசியின் திரைநேரக் கணக்குமே சொல்லிவிடும். மூன்றாவதில்தான் நம் ஊரில் பெரிய செலவு இருக்கிறது. சாதி. இதைச் சொல்லாமல் தமிழில் சீஷத்துவத்தைப் பற்றி எழுதுவது பாதி உண்மைதான். உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்திய லெந்து என்ற தவக்காலத்தில் அசைவத்தை நாற்பது நாள் விடுகிற குடும்பங்கள், பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் சாதியை ஒரு நாள்கூட விடுவதில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூட விடாத ஊர்கள் உண்டு. தன்னை வெறுப்பது என்றால் நம்மில் பலருக்கு முதலில் வெறுக்க வேண்டிய "நான்" அதுதான்.

தேவசகாயத்தை நினைத்துப் பாருங்கள். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அதிகாரி. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அரசருக்கே படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமே தேவசகாயம். உயர்ந்த சாதியில் பிறந்தவர், தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். பதவி போனது, சிறை வந்தது, ஊர் ஊராக இழுத்துச்செல்லப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது நாகர்கோவில் பக்கமெல்லாம் பட்டாசு வெடித்தார்கள். நானும் மகிழ்ந்தேன். அவர் விட்டது எது என்பதை நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் நினைவுகூர்வோமா என்று அன்றைக்கே வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நோட்டில் மூன்றாவதன் கீழ் ஒரு வரியாவது எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஒன்றே ஒன்றை எடுங்கள்

புதியவர்கள் செய்கிற தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவது. டீ, சினிமா, கைபேசி, மீன் எல்லாம் திங்கட்கிழமை போய்விடும். வியாழக்கிழமை எல்லாம் திரும்பி வந்துவிடும், கூடவே "எனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்ற சோர்வும் வரும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பாவமானதை நாற்பது நாளுக்கு விடுவது என்று ஒன்று இல்லை. வட்டிக்கு விட்டு ஏழையை நசுக்குகிறவன் லெந்து நாட்களில் மட்டும் நிறுத்தினால் அது பக்தி இல்லை. அது அப்படியே நிற்க வேண்டியது. சுயவெறுப்பில், அதாவது அந்த "நான்" என்பவனை மறுதலிப்பதில், பழகுவதற்கு எடுப்பது நல்ல காரியத்தை, நியாயமாக உங்களுக்கு உரியதை. நன்மையான ஒன்றுக்கு "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லப் பழகிய நாக்குதான் தீமையானது வரும்போதும் வேண்டாம் என்று சொல்லும்.

எதை எடுப்பது? ஒருவர் உங்களிடம் கேட்டால் "அதை மட்டும் கேட்காதீங்க" என்று சொல்லத் தோன்றுவதை எடுங்கள். இந்தக் காலத்தில் பத்துப் பேரில் பலருக்கு அது கைபேசியாகவே இருக்கிறது. எனக்குத் தெரிந்து பலன் தந்த முறை: இரவு ஒன்பது மணிக்குப் போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு வெறுங்கையோடு படுக்கப் போவது. காலையில் வேதத்தைத் தொட்டபிறகு போனைத் தொடுவது. அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அலாரத்தையே சாக்காகச் சொல்லிப் போன் படுக்கைக்கு வந்துவிடும். ரீல்ஸ் பார்ப்பதை வாரத்தில் இரண்டு நாள் விடுவதும் நல்ல தொடக்கம். வேறு சிலருக்கு அது பேச்சு: கடைசி வார்த்தை நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசை. ஒரு வாரத்துக்கு, எந்த வாக்குவாதத்திலும் கடைசி வார்த்தையை மற்றவருக்கு விட்டுக்கொடுத்துப் பாருங்கள். நாற்பது நாள் மீனை விடுவது அதைவிட எளிது.

காலம் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஏழு நாள் போதும். அப்புறம் மூன்று வாரம். லெந்து நாட்களில் தொடங்கினால், சாம்பல் புதன் முதல் உயிர்த்தெழுதலுக்கு முந்திய சனி வரை 46 நாட்கள் இருப்பதைக் கவனியுங்கள். அதில் ஆறு ஞாயிறுகளைக் கணக்கில் எடுக்காததால்தான் நாற்பது. ஞாயிறு உயிர்த்தெழுந்தவரின் நாள், அன்றைக்கு முகம் வாட வேண்டியதில்லை என்று சபை ஆதியிலிருந்து நினைத்திருக்கிறது. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் விடுவது ஒருவருக்குச் சேரட்டும்

இதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒன்றை விட்டுவிட்டு அந்தக் காசையும் நேரத்தையும் நாமே வைத்துக்கொண்டால் அது சிக்கனம், அல்லது டயட். ஏசாயா 58-ஐ வாசித்தால் தெரியும். தேவன் தமக்குப் பிரியமான உபவாசம் என்று சொல்வதில், பசியுள்ளவனுக்கு "உன் ஆகாரத்தை" பகிர்ந்துகொடுப்பது வருகிறது. நீங்கள் சாப்பிடாத அந்தத் தட்டு இன்னொருவர் முன்னால் போக வேண்டும்.

நம் பாட்டிமார் இதைச் செய்துகாட்டினார்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும், கைப்பிடி அரிசிக் காணிக்கையாக. வசதியான வீட்டில் மட்டும் நடந்த காரியமில்லை இது. மிசோரமில் 1910-இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் அந்தச் சபைகளின் ஊழியங்களைத் தாங்குகிறது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியர்களின் பணத்தில் இந்தியர்களே ஊழியம் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா தமிழ் நாட்டை விட்டுத் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போய், புது மொழி கற்று ஊழியம் செய்தார். 1912-இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர்களுக்குப் பின்னால் கிராமத்துச் சபைகளின் சிறிய காணிக்கைகள் இருந்தன.

இன்றைக்கு அரிசிப் பானை இல்லாத வீடுகளில் என்ன செய்யலாம்? ஆபீஸ் போகிற வழியில் டீயும் வடையும் 25 ரூபாய் என்று வையுங்கள். வாரத்தில் ஐந்து நாள் விட்டால் மாதம் 500 ரூபாய். அதை ஒரு டப்பாவில் தனியாகப் போட்டு, மாதக் கடைசியில் பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு வயதானவரின் மாத்திரைக்குக் கொடுங்கள். யாரென்று மாதத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். பெயர் தெரிந்த ஒருவருக்காக விடும்போது மனது இடறாது.

கொஞ்சம் கையிருப்பு உள்ளவர்களுக்கு மெதடிஸ்து இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் கண்ட பழக்கத்தைச் சொல்வேன். வருமானம் 30 பவுண்டு இருந்தபோது 28-இல் வாழ்ந்து 2-ஐக் கொடுப்பது. மறு ஆண்டு வருமானம் 60 ஆனது. அப்போதும் 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுப்பது. 90 ஆனபோது 62. சம்பளம் உயர்ந்ததும் செலவும் கூடவே உயர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடுத்த இன்கிரிமென்ட் வரும்போது அதில் பாதியையாவது இப்படி நிறுத்திப் பாருங்கள்.

கொடுப்பதைச் சொல்லிக்கொள்ளாதீர்கள். வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்றால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அறியாதிருக்கட்டும் என்றுதான் அர்த்தம்.

உபவாசம் இருக்கும் முறை

உணவை விட்டு உபவாசிக்க விரும்பினால் ஒரே ஒரு வேளையில் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை காலை உணவை விடுவது நல்ல தொடக்கம். ஆதிச் சபை புதனும் வெள்ளியும் உபவாசித்தது. தண்ணீரை விடாதீர்கள். முந்தின இரவு "ஈடுகட்ட" அதிகம் சாப்பிடாதீர்கள். அந்த அரைமணி நேரத்தில் ஒரு சங்கீதமும் ஒரு பெயருக்காக ஜெபமும் இருக்கட்டும். வயிறு கேட்கும்போதெல்லாம் எரிச்சல்படுவதை விட்டு "ஆண்டவரே, இன்றைக்கு இப்படிப் பசியோடு இருக்கிறவர்களை நினைத்தருளும்" என்று சொல்லுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், முன்பு சாப்பாட்டோடு போராடி மெலிந்து நோயுற்றவர்கள், இவர்கள் உணவை விட வேண்டாம். வேறொன்றை எடுங்கள். கத்தோலிக்கச் சபைச் சட்டமும் உபவாசக் கடமையை 18 வயது முதல் 59 வயது வரை என்றே வைத்திருக்கிறது. அந்த நாட்களிலும் ஒரு முழு உணவுக்கும், சேர்த்தாலும் அதற்கு ஈடாகாத இரண்டு சிறு உணவுக்கும் இடம் கொடுக்கிறது. உடம்பை ஒடிப்பது நோக்கம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டாம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு லெந்து முழுவதும் மதியச் சாப்பாட்டை விட்டிருந்தேன். நான்காம் வாரம் என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "நீங்க உபவாசம் இருக்குற நாள்ல பிள்ளைங்க உங்க பக்கத்துல வரவே பயப்படுதுங்க." எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. பசியை நான் ஆண்டவரிடம் கொண்டுபோகவில்லை, வீட்டில் இறக்கி வைத்திருந்தேன். 1 கொரிந்தியர் 13:3-ஐ எத்தனையோ முறை வாசித்திருந்தும் அன்றைக்குத்தான் அது எனக்கு எழுதப்பட்டதாகத் தெரிந்தது. உண்டான யாவற்றையும் கொடுத்தாலும், சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தாலும், அன்பு இராவிட்டால் "எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை."

வீட்டில்தான் பரீட்சை

அதனால் அடுத்த படி, வீடு. இதற்குச் சபையில் யாரும் கைதட்டமாட்டார்கள்.

ஜெபக்கூட்டம், வாலிபர் கூட்டம், பாடகர் குழு, சுவிசேஷப் பயணம் என்று வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிற ஒருவரின் வீட்டில் வயதான தாய் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாள் என்றால் அங்கே ஏதோ தவறு நடக்கிறது. மாற்கு 7-இல் இயேசு கொர்பானைப் பற்றிச் சொல்வது இதைத்தான். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை அவர் கண்டித்தார். ஊழியத்தின் பெயரால் வீட்டைக் கைவிடுவது சுயவெறுப்பு இல்லை. பல சமயம் அது சுயத்துக்கு மிகவும் பிடித்த வேலை.

ஒரு வாரத்துக்கு இவற்றில் ஒன்றைச் செய்து பாருங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்கள், கூட இன்னும் இரண்டு தட்டையும். ஆண் பிள்ளைகளுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். யாராவது பேசும்போது முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். தவறு செய்த நாளில் "ஆனா நீயும்..." என்று சேர்க்காமல் "நான் செஞ்சது தப்பு, மன்னிச்சிரு" என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் அப்படிச் சொல்வது இன்னும் கடினம், இன்னும் நல்லது. பிலிப்பியர் 2-இல் கிறிஸ்து தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்தார் என்று வருகிறது. வெறுத்து, வெறுமையாக்கி: தமிழில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒலிப்பது எனக்குப் பெரிய ஆறுதல். வெறுமையாக்குவது என்றால் இன்னொருவருக்கு இடம் விடுவது.

எது சிலுவை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணிடம் "அது உன் சிலுவை, பொறுத்துக்கோ" என்று சொல்லப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். அது தவறு, பெரிய தவறு. "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான்; நானே அதைக் கொடுக்கிறேன்" என்று தம் ஜீவனைக் குறித்து இயேசு சொன்னார். சிலுவை, அன்பினால் நாமாக எடுப்பது. இன்னொருவர் நம்மேல் போடும் அடி சிலுவை ஆகாது. அடிபடுகிறவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்ல வேண்டும். பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். அதனால் விசுவாசம் எந்த வகையிலும் குறைந்துபோகாது.

இரவில் பத்து நிமிடம்

இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் தம் தோழர்களுக்குக் கொடுத்த ஆன்ம சோதனை, பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை இயேசு சபையார் நண்பகலிலும் இரவிலும் செய்வது. நாம் இரவில் மட்டும் செய்யலாம். முதலில் நன்றி: இன்றைக்குக் கிடைத்த மூன்று நன்மைகள். பிறகு, உள்ளதை உள்ளபடி பார்க்க வெளிச்சம் தாரும் என்று ஒரு வரி. காலையிலிருந்து இரவுவரை நாளைத் திரும்பி நடந்து பார்ப்பது: எங்கே என் "நான்" முன்னால் போய் நின்றது, எங்கே ஆண்டவருக்குப் பின்னால் நடந்தேன். தவறியதற்கு மன்னிப்பு. நாளைக்கு ஒரு சிறிய காரியம். அதை நோட்டில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் படுங்கள்.

நன்றியை விட்டுவிட்டு நேராகப் பாவங்களுக்குப் போகாதீர்கள். அப்படிச் செய்கிறவர்கள் ஒரு மாதத்தில் நோட்டையே தூக்கிப்போடுகிறார்கள்.

கூட ஒருவர்

இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். வாரத்தில் ஒரு தடவை, அரைமணி நேரம், ஒருவரோடு பேசுங்கள். உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதே பாலினத்தவர், கேட்டதை வெளியே சொல்லாதவர். "இந்த வாரம் எது கஷ்டமா இருந்தது?" என்று கேட்பதே அவருக்கு வேலை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். உங்கள் சுயவெறுப்பினால் லாபம் அடைகிற ஒருவர் உங்களுக்குச் சுயவெறுப்பைக் கற்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். "நகையைக் கழற்றிக் கொடு, வேலையை விட்டுவிடு, வீட்டாரோடு பேசாதே, என்னைக் கேட்காமல் எதையும் தீர்மானிக்காதே" என்று சொல்கிறவர் சீஷர்களை உண்டாக்கவில்லை, தனக்கு ஆட்களைச் சேர்க்கிறார். நல்ல மேய்ப்பன் முதலில் தானே விட்டுக்காட்டுவான். மூப்பர்கள் மந்தைக்கு மாதிரிகளாக இருக்க வேண்டும் என்றுதான் பேதுரு எழுதினார். கொலோசெயர் 2:21-இல் "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்று கட்டளைமேல் கட்டளை போடுகிறவர்களையும் பவுல் எச்சரிக்கிறார்.

தவறிய நாளில்

தவறுவீர்கள். மூன்றாம் நாளோ முப்பதாம் நாளோ. இரவு பதினோரு மணிக்குப் போன் கையில் இருக்கும். அல்லது கத்தித் தீர்த்திருப்பீர்கள். டப்பாக் காசை எடுத்துச் செலவழித்திருப்பீர்கள். அந்த நாளில் இன்னும் பெரிய தண்டனையை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் சேர்த்து உபவாசிக்கிறேன் என்று தொடங்க வேண்டாம். அங்கேயும் "நான்" என்பவனே நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறான்.

யோவான் 21-ஐத் திறந்து வையுங்கள். கரையில் கரிநெருப்பு போட்டிருக்கிறது, அதின்மேல் மீன். கரிநெருப்பு என்ற அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வருகிறது. மற்றொன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்த அந்த முற்றத்தில், யோவான் 18:18. அதே நெருப்பின் வாசனையில், நனைந்த உடையோடு, பேதுரு நிற்கிறான். இயேசு உடனே அவனிடம் கணக்குக் கேட்கவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். சாப்பிட்டு முடித்தபிறகுதான் "நீ என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டார், ஆடுகளை அவனிடம் ஒப்படைத்தார். "என்னைப் பின்பற்றி வா" என்றதும் பேதுரு திரும்பி, மற்றச் சீஷனைப் பார்த்து "இவன் காரியம் என்ன" என்கிறான். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்றுதான் பதில் வந்தது. சபையில் உங்களோடு தொடங்கியவர் உங்களைவிட வேகமாக வளர்கிறாரே என்று தோன்றும்போதும் அந்த அதிகாரத்துக்கே வாருங்கள்.

தவறியதற்கு மறுநாள் காலை எழுந்து முகம் கழுவி, காலைச் சாப்பாட்டை வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். யாரையாவது புண்படுத்தியிருந்தால் அந்த மேசையிலேயே மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் நோட்டை எடுத்துத் தேதி போட்டு, முந்தின நாள் எழுதிய அதே சிறிய காரியத்தை மறுபடியும் எழுதுங்கள்.